காது கூவிய மருந்து

"பாக்கியம், வயது 28, நாலாவது லயம், குளிர் காய்ச்சல், கொ. 9. கமலா, வயது 9, என் மகள், குளிர் காய்ச்சல், கொ. 9." என் தகப்பனாரின் மருந்துக்கூட நோட்டுப் புத்தகத்தில், ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இந்த இரண்டு வரிகள் இருக்கின்றன. பழுப்பேறிய அந்தப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் பப்பாளி இலையைக் கசக்கிய வாடை லேசாக அடிக்கிறது. அடிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் பழைய காகித வாடைதான் என்றாள். மூக்கு நினைத்ததை முகரும் என்பதற்கு நானே சாட்சி என்பதால் அவளோடு நான் வாதாடவில்லை.

பக்கத்தின் தலையில் "2604, பத்தாம் மாதம்" என்றிருக்கிறது. நாள் எழுதியிருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது. 2604 என்பது ஜப்பானியர் ஆண்டுக் கணக்கு. நமக்கு அது 1944. அதற்கு முந்தைய ஆண்டே மலாயாவின் கெடா மாநிலத்தைச் சயாமிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பதால், சயாம் கணக்கில் 2487 என்று எழுதியிருக்க வேண்டும். அப்பா பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மாவைக் கேட்டால் தாரண வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம் என்பார். மூன்று கணக்குகள் இருந்தும் நாள் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத இன்னொன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது; அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது சுங்கை லாலாங்கிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போகவேண்டிய ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே மருந்துக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட "டிரெசர்". 1941 டிசம்பரில் வெள்ளைக்கார மானேஜர் காரில் ஏறித் தெற்கே போனார். மாதம் ஒருமுறை வந்து போன டாக்டரும் அதற்குப் பிறகு வரவில்லை. மிஞ்சியது அப்பாவும் ஓர் அலமாரி மருந்தும்தான். தோட்டத்துக்கு எல்லா மருந்தும் ஒரு பக்கம், "கொயினா" என்கிற குவினைன் ஒரு பக்கம்; நோட்டில் அது "கொ." கொசு கடித்துக் குளிர் காய்ச்சல் வராத வீடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. ஜாவாவின் கொயினா மரங்களெல்லாம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன என்பதும், அந்த மருந்து அவர்களுடைய பட்டாளத்துக்கே போயிற்று என்பதும் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மேல் தட்டிலிருந்த பழுப்புக் கண்ணாடிப் போத்தலைக் குலுக்கினால் வருகிற சத்தம் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வந்தது என்பதுதான். 1944-இன் நடுவில் அதில் ஒன்பது வெள்ளை மாத்திரைகள் இருந்தன. நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று வீதம் மூன்று நாளைக்கு, ஓர் ஆளுக்கு ஒரு முறை சரியாக இருக்கும். அந்த ஒன்பதை அப்பா தொடவில்லை.

அதற்கு முன்பே எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் வேறொரு கொயினா தயாராகத் தொடங்கியிருந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்து, அடியில் தங்கும் மாவை அம்மா வெயிலில் காயவைப்பார். பப்பாளி இலையையும் நிலவேம்பையும் இடித்துப் பிழிந்த சாற்றை அப்பா அதில் ஊற்றிப் பிசைவார். உருட்டுவது என் வேலை. பெரியவர்கள் விரலில் மாத்திரை பட்டாணி அளவுக்குப் பெருத்துவிடும். என் விரலுக்குத்தான் அளவு பிசகாது. முறத்தில் பரப்பிக் காயவைத்தால் பாசி நிறத்தில் இறுகிக்கொள்ளும். எவ்வளவு சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கசப்பு கையை விட்டுப் போகாது. கிழங்கை எடுத்து வாயில் வைத்தால் முதலில் என் விரல்தான் கசக்கும். லயத்து ஜனங்கள் அந்தப் பச்சை மாத்திரைக்கு "ஜப்பான் கொயினா" என்று தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நல்ல கொயினாவுக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு மூன்று வேளை சாப்பிட்டால் காதுக்குள் ஓர் இரைச்சல் கிளம்பும். தோட்டத்தில் அதைக் "காது கூவுது" என்பார்கள். காது கூவினால் மருந்து இரத்தத்தில் ஏறிவிட்டது, இனிக் காய்ச்சல் இறங்கும் என்பது லயத்துச் சட்டம். காது கூவவில்லை என்றால் மறுநாளே மருந்துக்கூடத்து வாசலில் நின்று, டிரெசர் மருந்தில் தண்ணீர் கலக்கிறார் என்று பேசுவார்கள். ஆகையால் பச்சை மாத்திரையைக் கையில் வைக்கும்போது அப்பா ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வைத்தார்: "நாளைக்குச் சாயங்காலம் காது கூவும், பயப்படாத."

கூவியது. அதுதான் இன்றுவரை என்னைத் திகைக்க வைக்கிறது. மரவள்ளி மாவுக்கும் பப்பாளி இலைக்கும் காதைக் கூவ வைக்கும் குணம் கிடையாது. ஆனாலும் மறுநாள் வருகிறவர்கள் எல்லாம் காதைக் குடைந்துகொண்டே வந்தார்கள். முனியாண்டி என்ற பால்மரம் சீவுகிற கிழவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் நக்கல்தான். "வெள்ளக்காரன் கொயினா ஒரு காதுலதான் கூவும் டிரெசரு, ஜப்பான்காரன் கொயினா ரெண்டு காதுலயும் போட்டு அடிக்குது. சண்டையில அவன் செயிச்சதுக்கு இதான்யா காரணம்" என்று அவர் சொன்னபோது, வரிசையில் காய்ச்சலோடு நின்றவர்கள் கூடப் போர்வைக்குள் சிரித்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். நோட்டில் பெயருக்கு எதிரே "மா" என்று அப்பா குறித்திருக்கிறார், மாவு என்பதற்கு. அந்த "மா" பெயர்கள் சிலவற்றின் மேல் பிறகு ஒரு கோடும் விழுந்திருக்கிறது. ஆனால் எழுந்து வேலைக்குப் போனவர்களும் நிறைய இருந்தார்கள். மருந்து இருக்கிறது என்ற நினைப்பே உடம்பைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போகும் என்று பின்னாளில் எத்தனையோ புத்தகங்களில் படித்துவிட்டேன். எந்தப் புத்தகமும் எனக்குப் புதிதாக இல்லை.

உருட்டத் தொடங்கிய நாளிலேயே அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெளிய சொன்னா மருந்து செத்துப் போயிரும்."

நான் சொல்லிவிட்டேன். நாலாவது லயத்து ராசாத்தி என் வயதுக்காரி. அவள் அப்பாவை 1943-இல் சயாம் ரயில் ரோடு போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போனவர் போனவர்தான். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும். அந்த அம்மாதான் நோட்டில் இருக்கிற பாக்கியம். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கிழங்குத் தோலைச் சீவும்போதுகூட எதையாவது பாடிக்கொண்டிருப்பார்; எனக்கும் ராசாத்திக்கும் ஒரே எண்ணெய்க் கையால் தலை பின்னிவிடுவார். ஒருநாள் ராசாத்தி என் கையை முகர்ந்து பார்த்து, "ஒன் கையி நாறுது, ஒன்கூட பாண்டி ஆட மாட்டேன்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரே சாப்பிடுகிற கொயினாவை நான்தான் உருட்டுகிறேன், அது கொயினா இல்லை, மரவள்ளி மாவு என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் வாயைப் பிளந்து நின்றது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மழையோடு பாக்கியம் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா பச்சை மாத்திரையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து மாத்திரைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார், அந்தப் பெண் அதைக் கையால்கூடத் தொடவில்லை என்று. "எனக்கு மாவு வேணாம் டிரெசரு. எம்புள்ளைக்கு வேற நாதி இல்ல, வெள்ளக் கொயினா இருந்தா குடுங்க" என்றாராம். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். வெறுமனே பார்த்துவிட்டு, முறத்தில் காய்ந்துகொண்டிருந்த மாத்திரைகளை எடுத்து உள்ளே வைத்தார்.

அன்று மாலையே எனக்கும் குளிர் எடுத்தது. பற்கள் தாமாக அடித்துக்கொள்ள, கோணிச் சாக்கு மேலே சாக்காக அம்மா போர்த்திக்கொண்டே இருந்ததும், பிறகு அத்தனையையும் உதறிவிட்டு நான் எரிந்ததும் நினைவிருக்கிறது. இப்போது தோட்டத்தில் காய்ச்சலோடு இரண்டு பேர் படுத்திருந்தோம். பச்சை மாத்திரை எங்கள் இருவருக்கும் ஆகாது. அத்தைக்கு அது மாவு என்று தெரியும், எனக்கோ உருட்டிய கையே என்னுடையது. மற்றவர்களுக்கு இருந்த அந்தக் கொஞ்ச தூரத்துத் துணைகூட எங்கள் இருவருக்கும் இல்லாமல் போனது என் நாக்கால்தான். போத்தலில் இருந்ததோ ஒன்பது.

மறுநாள் பகலில், கண்ணை மூடிக் கிடந்தபோது, அடுத்த அறையிலிருந்து கேட்ட பேச்சை அப்படியே எழுதுகிறேன். காய்ச்சலில் கேட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"நம்ம புள்ளைங்க அது" என்றார் அம்மா.

"அவளும் ஒரு புள்ளைக்குத் தாயிதான்" என்றார் அப்பா.

"பாதியாப் பிரிச்சுக் குடுக்க முடியாதா?"

"பாதிப் பாதியாக் குடுத்தா ரெண்டும் போயிரும்."

பின் அலமாரிக் கதவு திறந்தது.

அப்பா போத்தலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காதருகே குலுக்கிக் காட்டினார். ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "நல்லாப் பாத்துக்க கமலா. இது மாவு இல்ல" என்றார். வெள்ளையாய், தட்டையாய், நடுவில் கோடு போட்ட மாத்திரை. சந்தேகமே இல்லை. பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி மேசையில் நின்று, கல்வத்தில் அதை நுணுக்கினார்; குழவி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. கரண்டியில் தண்ணீரோடு குழைத்து வாயில் ஊற்றினார். கசப்பு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்த காலம்; அந்த நேரப்படி மணி பார்த்து ஒன்பது வேளையும் இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் காட்டினார், ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று நுணுக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையால் மாத்திரையை முழுசாக விழுங்க முடியும். வாந்தி வருகிறது என்பதால் நுணுக்கியிருக்கலாம். கரண்டியில் வந்தது எனக்குக் காட்டிய மாத்திரைதானா என்பதை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் காது கூவியது. தூரத்தில் ஆலைச் சங்கு நிறுத்தாமல் ஊதுவதுபோல் இரண்டு காதிலும் கூவியது. அந்த நேரத்தில்தான் ரப்பர் மரங்களில் சில்வண்டுகள் கத்தத் தொடங்கும் என்பதையும் குறித்து வைக்கிறேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டு, கிழங்குக் கஞ்சி கேட்டேன். ஐந்தாம் நாள் காலையில் நாலாவது லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஜன்னல் விளிம்பில் பழுப்புப் போத்தல், கழுவிக் கவிழ்க்கப்பட்டு, வடிந்துகொண்டிருந்தது.

பாக்கியம் அத்தையின் சின்னம்மா ஒருவர் வந்து ராசாத்தியைக் கோலா கெத்தில் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அவளுக்கு ஒரு துணி அனுப்பினார். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. அதை இரக்கம் என்றும் படிக்கலாம், வேறு மாதிரியும் படிக்கலாம். கேட்டால், "அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்" என்பதோடு அம்மா முடித்துக்கொள்வார்.

அப்பாவிடம் நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். எனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகு, சுங்கைப் பட்டாணி ஊரில் வீட்டு வாசலில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: அந்த ஒன்பதும் எனக்கா, அத்தைக்கா? அவர் தாளை இறக்காமல், "ஒனக்குக் காது கூவுச்சா?" என்றார். கூவிற்று என்றேன். "அப்பறம் என்ன, கொயினாதான்" என்றார். காது கூவுவது எதற்கும் அத்தாட்சி அல்ல என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதர் சொன்ன பதில் அது.

நோட்டுப் புத்தகம் அவர் இறந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. நாட்களைச் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். மாவு கொடுத்த இடத்திலெல்லாம் "மா" என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். செத்தவர்களுக்கு எதிரேயும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு பக்கத்தில் மட்டும், கையிருப்பு ஒன்பது என்று மேலே எழுதிவிட்டு, இரண்டு பெயருக்கும் "கொ. 9" என்று எழுதியிருக்கிறார். ஒன்பதிலிருந்து பதினெட்டு எடுக்க முடியாது. இரண்டில் ஒரு வரி பொய். புத்தகம் முழுவதிலும் அவர் எழுதிய பொய் அது ஒன்றுதான். யாரும் பார்க்காத தம்முடைய சொந்த நோட்டில்கூட எங்கள் இருவரில் ஒருவருக்கு எதிரே அந்த ஓரெழுத்தைப் போட அவருக்குக் கை வரவில்லை.

அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராசாத்தியைத் தேடி ஒருமுறை கோலா கெத்திலுக்குப் போனேன். தலை முழுவதும் நரைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்து, "இப்ப நாறல லா, வா உள்ள" என்று சிரித்தாள். தேத்தண்ணீர் குடிக்கும்போது நானாக அந்தப் பேச்சை எடுக்கத் தயங்கிக்கொண்டிருக்க, அவளே எடுத்தாள். டிரெசர் போத்தலோடு வந்து வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக் காட்டியது, திரும்பி நின்று நுணுக்கியது, கரண்டியில் ஊட்டியது எல்லாம் அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. சாவதற்கு முந்திய சாயங்காலம், "காது கூவுது ராசாத்தி, பொழச்சுக்குவேன்" என்று அவள் அம்மா சொல்லிச் சிரித்தாராம்.

"நீ எங்கிட்டச் சொன்னத நாந்தான் அம்மாகிட்டச் சொன்னேன்" என்றாள். "சொன்னதாலதான அம்மா நல்ல மருந்து கேட்டு வாங்கிச்சு? ஒங்கப்பா இருந்த மருந்தக் குடுத்துட்டாரு கமலா. அதுக்கு மேல எங்கம்மா விதி. இத நெனச்சுக்கிட்டுத்தான் நான் இம்புட்டு நாளும் சோறு தின்னேன்."

பைக்குள் இருந்த நோட்டின் மேல் என் கை இருந்தது. எடுக்கவில்லை. வெளியே சொன்னால் மருந்து செத்துப் போகும் என்பதை நான் ஒருமுறை கற்றுக்கொண்டாயிற்று. இன்னொரு தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். ராசாத்தி இப்போது இல்லை, ஆகையால்தான் எழுதுகிறேன்.

எந்தப் பிள்ளையும் தன்னைப் பெற்றவர் தன்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்காது. எனக்கு அந்த ஆசை எண்பது ஆண்டை நெருங்கிவிட்டது. அப்பாவின் கரண்டியில் இருந்தது வெறும் மாவும் நிலவேம்பும் என்று யாராவது வந்து சொன்னால் போதும். அப்படியானால் பாட்டுப் பாடிக்கொண்டு எனக்குத் தலை பின்னிவிட்ட அந்தக் கைக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. என்னைப் பிழைக்க வைத்தது, அப்பா ஒரு மாத்திரையைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்ற அந்த முதுகு. அதை நம்பவேண்டும் என்று நானும் ஒவ்வோர் ஆண்டும் முயன்று பார்க்கிறேன். நம்பிக்கை பிறருக்கு ஊட்டுகிற அளவுக்குத் தனக்கு ஊட்டிக்கொள்ள வருவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் மகனோடு அந்தப் பக்கம் போனேன். மருந்துக்கூடம் இருந்த மேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருக்கிறார்கள். நாலாவது லயம் நின்ற இடத்தில் ஒரு சிமெண்டுப் படி மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. ரப்பர் மரங்கள் போனதோடு சில்வண்டும் போயிற்று போலிருக்கிறது. அந்திவேளை வரை காத்திருந்தும் ஒன்றும் கத்தவில்லை. ஆனால் என் காது கூவியது. வயதானால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்கிறார். செம்பனை ஓலைகளுக்கு நடுவே நின்று, இது எந்த மருந்தின் கூவல் என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, நோட்டின் அந்தப் பக்கத்தில், அப்பா எழுதியதற்குக் கீழே, பென்சிலால் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "கையிருப்பு ஒன்பது. பெயர் இரண்டு. எவருக்குக் கொடுக்கப்பட்டது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை."